ஃபிஸ் போட்ட படங்கள்: ஓவியர் பதில்கள்

(சென்ற இதழில் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்கள் முதன்முதலாக வெளிவந்தபோது அவற்றுக்குப் போடப்பட்ட படங்களைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் படங்களைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்த ஓவியர் ஃபிஸ்ஸுக்கே.)

டிக்கன்ஸின் பிக்விக் பேப்பர்ஸ் புத்தகத்தில் படங்களின் அடியில் பொடி எழுத்தில் ‘ஃபிஸ்’ என்று இருக்கிறது. இது ஆளின் பெயரா, அச்சகத்தின் பெயரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ஆளின் புனைபெயர்தான் ஐயா. இயற்பெயர் ஹேப்லோ நைட் பிரௌன். 1815இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஃபிண்டன் என்ற பெயர்பெற்ற செதுக்கோவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பதினெட்டு வயதுக்குள் கலைச் சங்கத்தின் பதக்கம் ஒன்றை வாங்கிவிட்டார். குதிரை கட்டுக்கடங்காமல் ஓட, மேலே இருப்பவர் தத்தளிக்கும் படம் அது. குதிரை வரைவதில் கடைசிவரை அவரை மிஞ்ச ஆளில்லை.

பிக்விக் அவர் கைக்கு வந்தது ஒரு சாவின் வழியாக. மாதம் ஒரு பகுதியாக வந்த அந்தத் தொடர் தொடங்கியபோது படங்கள்தான் பிரதானம். ராபர்ட் சீமோர் என்ற புகழ்பெற்ற ஓவியர் நகைச்சுவைப் படங்கள் போடுவார், இளைஞர் டிக்கன்ஸ் அவற்றுக்குத் தோதாக எழுதித் தருவார் என்பதுதான் ஏற்பாடு. 1836 ஏப்ரலில், இரண்டாவது பகுதி முடியும் முன்பே, சீமோர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்து வந்த ராபர்ட் பஸ்ஸுக்கு, அச்சுக்காக உலோகத் தகட்டில் படம் வரையும் வேலை பழக்கமில்லை. ஒரே பகுதியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கு முயன்றவர்களில் தாக்கரேயும் ஒருவர். ஆம், பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியரான அதே தாக்கரேதான். அவரை ஏற்கவில்லை. வேலை கிடைத்தது இருபது வயது பிரௌனுக்கு.

நான்காவது பகுதியில் அவர் போட்ட முதல் படத்திலேயே, பிற்பாடு பிக்விக்கின் வேலையாளாகும் சாம் வெல்லர் வந்துவிடுகிறான். விடுதி முற்றத்தில், கையில் துடைத்துக்கொண்டிருந்த பூட்ஸோடு, தலையில் ஒருபக்கமாகச் சாய்ந்த தொப்பியோடு நிற்கிறான். எதிரே கோட்டும் வயிறுமாகப் பெரிய மனிதர்கள். யார் எஜமான், யார் வேலைக்காரன் என்பது உடையில் தெரிகிறது; அங்கே யாருக்குப் புத்தி அதிகம் என்பது நிற்கிற தோரணையில் தெரிகிறது. முதல் பகுதிக்குச் சில நூறு பிரதிகளே போட்டார்கள். தொடர் முடியும் தறுவாயில் விற்பனை 40,000ஐ எட்டியிருந்தது. சாம் வெல்லர் வந்த பிறகுதான் அந்த ஏற்றம்.

ஆரம்பப் படங்களில் ‘நெமோ’ என்று கையெழுத்திட்டார். டிக்கன்ஸ் அப்போது ‘பாஸ்’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்ததால், அதோடு சேர்த்துச் சொல்ல எடுப்பாக இருக்கட்டும் என்று ‘ஃபிஸ்’ ஆக்கிக்கொண்டார். அதன்பின் 1859 வரை டிக்கன்ஸின் பத்து நாவல்களுக்கு அவர் படம் போட்டார்.

டிக்கன்ஸ் சொன்னதை அப்படியே வரைந்தவர்தானே அவர்? இதில் ஓவியரின் பங்கு என்று தனியாக என்ன இருக்கிறது?
– வாசகி, இல்லத்தரசி

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது அம்மா. டிக்கன்ஸ் போல ஓவியரை நெருக்கிப் பிடித்த எழுத்தாளர் குறைவு. மார்ட்டின் சஸ்ஸில்விட் நாவலில் ஒரு கட்டம். அமெரிக்காவில் ஏடன் என்ற செழிப்பான நகரத்தில் நிலம் என்று நம்பி ஏமாந்து, சதுப்பு நிலத்தில் வந்து விழுகிறார்கள் மார்ட்டினும் அவன் துணையாள் மார்க் டாப்ளியும். இந்தப் படத்துக்காக டிக்கன்ஸ் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இற்றுப்போன மரங்கள் நிறைந்த சதுப்புக்காடு வேண்டும், வாசலில் அசிங்கமான ஆறு ஓட வேண்டும், குடிசைக் கதவின் பக்கத்தில் ‘கட்டடக் கலைஞர்கள்’ என்று பலகை தொங்க வேண்டும், வெட்டிய மரத்துண்டின் மேல் மார்ட்டினின் துருப்பிடித்த கவராயம் கிடக்க வேண்டும். அவன் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கியிருக்க வேண்டும், மார்க் கோடரியோடு, உற்சாகம் குன்றாத முகத்தோடு நிற்க வேண்டும். சிறுகதை அளவுக்குக் கட்டளை. இத்தனையும் உள்ளங்கை அகலத் தகட்டில் வந்தாக வேண்டும்.

நானும் கதைகளுக்குப் படம் போடுகிறவள். இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைத்தாளைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பட்டியலில் உள்ள பொருள் எல்லாவற்றையும் வரைந்துவிடலாம்; ஆனால் சாமான் ஜாபிதாதான் கிடைக்கும், படம் கிடைக்காது. பிரௌன் என்ன செய்தார் பாருங்கள். மார்ட்டினை அப்படியே மடங்கி உட்காரவைத்து, மார்க்கை நிமிர்த்தி நிற்கவைத்தார். பலகை, ஆறு, பட்ட மரங்கள் எல்லாம் இந்த இரண்டு உடம்புகளைச் சுற்றி ஒழுங்காக அமைந்துவிட்டன. ஒருவன் நொறுங்கிவிட்டான், இன்னொருவன் நொறுங்கவில்லை. கண் முதலில் பிடிப்பது இதைத்தான். இந்த அமைப்பை எந்தக் கடிதமும் சொல்லித் தராது.

இன்னொன்று, பல சமயம் பிரௌன் முழு அத்தியாயத்தைப் பார்த்ததே இல்லை. எழுதி முடிப்பதற்குள் தகடு வேலை தொடங்கியாக வேண்டும். காட்சி இன்னது என்று கடிதம் வரும். இவர் பென்சிலில் வரைந்து அனுப்புவார். திருத்தத்தோடு திரும்பி வரும். அதன்பின்தான் தகட்டில் ஏற்றுவார். மாதம் தவறாமல் இரண்டு படம்.

இந்த முறையில் பிசகும் நடக்கும். டோம்பி அண்ட் சன் தொடர் வந்துகொண்டிருந்தபோது டிக்கன்ஸ் வெளிநாட்டில் இருந்தார். குட்டிப் பையன் பால், மிஸஸ் பிப்சின் என்ற கிழவியோடு கணப்படுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் படம். பிரௌன் பையனை உயரமான நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டார். படத்தைப் பார்த்த டிக்கன்ஸ் துடித்துப்போனார். பாலின் ‘குட்டிச் சாய்வு நாற்காலி’ பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதியிருக்கிறேனே, அவன் அடுப்பு மூலையில் தாழ்வாக உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்க்க வேண்டுமே என்று நண்பர் ஃபாஸ்டருக்கு எழுதினார். இந்தப் படம் புத்தகத்தில் வராமலிருக்க நூறு பவுண்டு சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன் என்றும் எழுதினார்.

இதில் நான் டிக்கன்ஸ் பக்கம். நாற்காலியின் உயரம் சில்லறை விஷயமே இல்லை. ஐந்து வயசுப் பிள்ளை கீழே இருந்து அசையாமல் உற்றுப் பார்க்க, பிள்ளைகளை மிரட்டியே பிழைக்கும் கிழவி சங்கடப்படுகிறாள் என்பதில்தான் அந்தக் காட்சியின் உயிர் இருக்கிறது. பையனை உயரத்தில் ஏற்றியதும் பார்வையின் கோணம் போய்விட்டது. கோணம் போனதும் காட்சியும் போய்விட்டது. படம் போடப் பழகுகிறவர்கள் அத்தியாயத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

எங்கள் வீட்டில் பிக்விக் பழைய பிரதி ஒன்றும், நண்பர் வீட்டில் இன்னொன்றும் இருக்கின்றன. ஒரே படம்தான். ஆனால் முகங்களும் சின்னச் சின்னப் பொருள்களும் கொஞ்சம் மாறுகின்றன. ஒன்று போலியா?
– பழைய புத்தகம் சேர்ப்பவர்

இரண்டும் அசலாகவே இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ள வேலை நடந்த விதம் தெரிய வேண்டும். எஃகுத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊசியால் அதன் மேல் வரைவார்கள். ஊசி போன இடத்தில் பூச்சு விலகி உலோகம் தெரியும். தகட்டின் மேல் அமிலம் ஊற்றினால் அந்தக் கோடுகளை மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்க விடுகிறோமோ அவ்வளவு கருப்பாகக் கோடு விழும். மெலிதாக வேண்டிய கோடுகள் அரித்ததும் அமிலத்தை எடுத்துவிட்டு, அவற்றின் மேல் வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மற்றவற்றை மேலும் அரிக்க விடுவார்கள். இந்த அமில வேலையைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டவர் பிரௌனோடு தொழில் பழகிய நண்பர் ராபர்ட் யங். ஊசி பிரௌனுடையது, அமிலம் யங்குடையது என்றே சொல்லலாம்.

அச்சடிக்க அடிக்கத் தகடு தேயும். விற்பனை ஆயிரக்கணக்கில் ஏறியதும் ஒரு தகடு தாங்காது. அப்போது பிரௌன் அதே படத்தை இன்னொரு தகட்டில் மறுபடி வரைவார். கையால் மறுபடி வரைவதுதான். அச்சு அசலாக வராது. ஒரு நாய் திரும்பிப் படுத்திருக்கும், ஒரு முகம் கொஞ்சம் மலர்ந்திருக்கும். பிற்பாடு இதற்கென்றே முதலிலேயே இரண்டு தகடு போட்டுவைத்தார்கள். உங்கள் இரண்டு பிரதிகளும் வேறு வேறு தகட்டில் அச்சானவையாக இருக்கக்கூடும். இரண்டையும் ஒருநாள் ஒரே மேசையில் விரித்துவைத்துப் பாருங்கள். தன் படத்தைத் தானே மறுபடி வரையும்போது ஒரு ஓவியர் எதைத் திருத்துகிறார் என்று பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

அவருடைய இளம்பெண்கள் எல்லோரும் ஒரே முகமாக இருக்கிறார்கள். மற்றவர்களோ கேலிச்சித்திரம் மாதிரி. இவரை எப்படிப் பெரிய ஓவியர் என்கிறீர்கள்?
– ஓவியக் கல்லூரி மாணவர்

இளம்பெண்கள் விஷயத்தில் மறுக்க மாட்டேன். அழகான நல்ல பெண் என்று கதை சொன்னால், அவர் கையில் எப்போதும் ஒரே முட்டைமுகம்தான். டிக்கன்ஸும் அந்தப் பெண்களுக்கு அதிகம் உருவம் தரவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை முகத்தின் வேகத்தில் ஆலிவர் ட்விஸ்ட்டுக்குப் படம் போட்ட ஜார்ஜ் குரூக்ஷாங்க்தான் பெரியவர். தூக்குக்குக் காத்திருக்கும் திருட்டுக் கூட்டத் தலைவன் ஃபேகினை அவர் வரைந்தது போல ஒரு படம் பிரௌனிடம் கிடையாது. கூட்டத்தை, அறையை, ஒரு நாவலின் நீண்ட ஓட்டத்தைப் பிடிப்பதில் பிரௌன் மேல். கேலிச்சித்திரத்தில் தொடங்கியவர் பதினேழு வருடத்தில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒரே ஒரு நாவலின் படங்களைப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
– ஓவியக் கல்லூரி மாணவி

பிளீக் ஹவுஸ். யோசிக்கவே மாட்டேன்.

முதலில் ஒரு விஷயம். டிக்கன்ஸின் பெரிய நாவல்களில் பல மாதம் ஒரு மெல்லிய பகுதியாக, ஒரு ஷில்லிங் விலையில் வந்தன. 32 பக்கம் கதை, இரண்டு படம். அந்த இரண்டு படங்களையும் கதைக்கு முன்னால் வைத்துத் தைத்திருப்பார்கள். அட்டையைத் திருப்பினால் கண்ணில் படுவது படம். கதை அதன் பிறகுதான். இன்றைய பதிப்புகளில் படம் அந்தந்தக் காட்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் நமக்கு இது உறைப்பதில்லை. ஒரு மாதம் காத்திருந்த வாசகர் என்ன நடக்கப்போகிறது என்பதைப் படத்தில் முதலில் பார்த்துவிடுகிறார். அப்படியானால் ஓவியர் காட்டவும் வேண்டும், கதையைப் போட்டுடைக்கவும் கூடாது. என் கணிப்பில் பிரௌனின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது. எதை வரைவது என்பதைவிட எதை மறைப்பது என்பதில் அவர் தேர்ந்துகொண்டே போனார்.

பிளீக் ஹவுஸ் 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை வந்தது. அதன் 40 படங்களில் 10 படங்களை அவர் வேறொரு முறையில் செய்தார். ஊசியை எடுக்கும் முன்பே, கோடு போடும் இயந்திரத்தால் தகடு முழுக்க நெருக்கமான மெல்லிய கோடுகளை ஓடவிட்டுவிடுவார். அப்படியே அச்சடித்தால் முழுக்கச் சாம்பல் நிறம்தான் வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தை வார்னிஷால் மூடியும் தேய்த்து மழுக்கியும், இருட்டு வேண்டிய இடத்தை மேலும் மேலும் அரிக்க விட்டும் படத்தை உருவாக்குவார். வழக்கமான படம் வெள்ளைத்தாளில் கருப்புக் கோடாகத் தொடங்கும். இது இருட்டில் தொடங்கி வெளிச்சத்தைத் தேடிப் போகிறது. மூடுபனியும் சேறும் தீராத கோர்ட் வழக்குமாக இருக்கும் அந்த நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன்.

இந்த இருட்டுப் படங்களில் சிலவற்றில் ஆளே இல்லை. டாம்-ஆல்-அலோன்ஸ் என்ற பாழடைந்த தெருவில் முட்டுக்கொடுத்த சுவர்கள் மட்டும். கடைசிப் படத்தில் மரங்களுக்கு நடுவே மூடிய கல்லறை மாடம் மட்டும். டல்கிங்ஹார்ன் என்ற வக்கீல் சுட்டுக் கொல்லப்படும் பகுதிக்குப் போட்ட படத்தில் சடலம் இல்லை. கூரையில் தீட்டிய ரோமானியன் ஆள் இல்லாத அறையை நோக்கி விரல் நீட்டிக்கொண்டிருக்கிறான். படத்தை முதலில் பார்க்கும் வாசகருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தெரியும். யாருக்கு என்று தெரியாது.

இப்போது பதினெட்டாவது பகுதியின் இரண்டாவது படத்துக்கு வாருங்கள். தலைப்பு ‘காலை’. பிரபு குடும்பத்துச் சீமாட்டி லேடி டெட்லாக் மாளிகையை விட்டு ஓடிவிட்டாள். மகள் எஸ்தரும் துப்பறியும் பக்கெட்டும் இரவெல்லாம் பனியில் தேடுகிறார்கள். கடைசியில் ஏழைகளைப் புதைக்கும் இடத்தின் இரும்புக் கதவருகே, படிக்கட்டில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். அவள் உடுத்தியிருப்பது செங்கல் சூளைக்காரன் வீட்டுப் பெண் ஜென்னியின் உடை. எஸ்தர் அவளை ஜென்னி என்றே நினைத்துக்கொண்டு ஓடுகிறாள். அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் அது தன் தாய், இறந்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிகிறது.

பிரௌன் என்ன செய்தார்? முகத்தைக் காட்டவில்லை. ஈரமான கல்லின் மேல் கருப்பாக ஒரு உடல், அவ்வளவுதான். மேலே கதவின் வளைவு. வெளிச்சம் மிகக் கொஞ்சம். முகத்தை வரைந்திருந்தால், அட்டையைத் திருப்பிய கணமே வாசகருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். மறைத்ததால், எஸ்தர் கடைசி வரியில் அடையும் இடத்தை வாசகரும் அங்கேதான் அடைகிறார்.

இந்தக் கதவை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். நாவலின் முற்பகுதிப் படம் ஒன்றில் தெருப் பெருக்கும் பையன் ஜோ, துடைப்பக் கம்பை இதே கம்பிகளுக்குள் நீட்டி, இறந்துபோன ஒருவனின் புதைகுழியை ஒரு பெண்ணுக்குக் காட்டுகிறான். அந்தப் பெண் முக்காடிட்டு, தன் வேலைக்காரியின் உடையில் வந்த லேடி டெட்லாக். இரண்டு முறை இந்தக் கதவருகே வருகிறாள், இரண்டு முறையும் வேறொருத்தியின் உடையில். நடுவே ஒரு வருடம் ஓடியிருக்கிறது. முதல் படத்தை எடுத்துவைத்திருந்த வாசகருக்கு அந்தக் கம்பிகள் மட்டுமே துப்பு. நான் இந்த இரண்டு படங்களையும் என் வரைமேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன்.

இவ்வளவு திறமைசாலியை டிக்கன்ஸ் ஏன் கைவிட்டார்? கேள்விப்பட்டு வருத்தமாக இருந்தது.
– நூலகர் ஒருவர்

எனக்கும் வருத்தம்தான். 1859இல் எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ் நாவலுக்கு 16 படங்கள் போட்டார். அவை முன்பிருந்த தரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூட்டக் காட்சிகள் நன்று, மற்றவை சோர்ந்து கிடக்கின்றன. அதற்குள் ரசனையும் மாறிவிட்டிருந்தது. 1860களில் வாசகர்கள் விரும்பியது மரச்செதுக்கில் வந்த அமைதியான, நிஜ மனிதர் போன்ற படங்கள். அவர் பெயர் நெளிவு சுளிவான பழைய பாணியோடு ஒட்டிப்போயிருந்தது. 1864இல் தொடங்கிய ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலுக்கு, தன் மறைந்த நண்பரின் மகனான இளைஞர் மார்கஸ் ஸ்டோனை டிக்கன்ஸ் அமர்த்திக்கொண்டார். ‘நல்ல பிள்ளையாகத்தானே இருந்தேன்’ என்ற பொருளில் பிரௌன் யங்குக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சண்டை இல்லை, விளக்கமும் இல்லை. இருபத்துமூன்று வருட உறவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

1867இல் பக்கவாதம் வந்து பிரௌனின் வலது கை முடங்கியது. அந்தக் கையோடும் தொடர்ந்து வரைந்தார். வரைந்துதான் குடும்பம் நடந்தாக வேண்டியிருந்தது. 1878இல் ராயல் அகாடமி அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. 1882இல் காலமானார். மகன் எட்கர் பிரௌன் 1913இல் தந்தையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

என் மகளுக்கு டிக்கன்ஸ் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். படம் இல்லாத பதிப்பு விலை குறைவு. படம் அவசியம்தானா மேடம்?
– ஒரு தந்தை

அவசியம். இந்த நாவல்கள் படத்தோடு பிறந்தவை. பின்னால் ஒட்டவைத்தவை அல்ல அவை. பணம் சிக்கல் என்றால் வெளியிட்டு நூறு வருடத்துக்கு மேலான பிரதிகளின் படங்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. மலிவுப் பதிப்பை வாங்கி, படங்களைத் தனியே எடுத்துக்கொடுங்கள். வாங்குவதென்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். படங்கள் முழுதாக இருக்கின்றனவா (பிளீக் ஹவுஸ், டேவிட் காப்பர்ஃபீல்ட், டோம்பி மூன்றுக்கும் தலா 40 இருக்க வேண்டும், முகப்புப் படமும் தலைப்புப் பக்கப் படமும் சேர்த்து). கதை வரும் இடத்திலேயே படம் இருக்கிறதா, கடைசியில் மொத்தமாகக் குவித்திருக்கிறார்களா. முக்கியமாக, இருட்டுப் படம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெருக்கமான கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கரியைப் பூசியது போல ஒரே திட்டாக இருந்தால் நகலின் நகல் அது. வேறு பதிப்பு பாருங்கள்.

உங்கள் மகளுக்கு வயது பன்னிரண்டுக்குள் என்றால் பிளீக் ஹவுஸ் இப்போது வேண்டாம். காப்பர்ஃபீல்டில் தொடங்கட்டும்.